பன்னிரண்டு வருடம் கழித்து பிஸ்கட் டின்னைத் திறந்தேன்: மேஜிக் ஆட இப்போது எந்த ஃபார்மட்?

பழையடின் (சிங்கப்பூர்)

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வி சின்னது, முன்கதைதான் கொஞ்சம் நீளம்.

நான் கடைசியாக மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டை ஆடியது 2013 கடைசியில். தீரோஸ் செட் (ஒரு தடவையில் வெளியிடும் புதுக் கார்டுத் தொகுப்பு) வந்த புதிது. அதுவரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் வேலையிடத்திலிருந்து நேராகக் கார்டு கடைக்குத்தான் போவேன். கடைசி எம்ஆர்டியைப் பிடிக்க, ஆடும் கார்டுக் கட்டான டெக்கைப் பையில் கூடப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறேன். 2014ல் மகள் பிறந்தாள். கார்டுகளை இரண்டு பிஸ்கட் டின்னில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அத்தோடு சரி.

இந்தப் பொங்கலுக்கு வீட்டை ஒதுக்கியபோது டின்கள் வெளியே வந்தன. மகளுக்கு இப்போது பதினொன்று. மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டியவள், ஒரு கார்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இந்தக் கார்டுக்கு முதுகே இல்லையே. ரெண்டு பக்கமும் மூஞ்சி!"

டெல்வர் ஆஃப் சீக்ரெட்ஸ். ஒரு பக்கம் ஆராய்ச்சிக்காரன், மறுபக்கம் அவனே பூச்சியாகிவிட்ட கோலம். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டெக்கின் மேல்கார்டைப் பார்க்கலாம். அது இன்ஸ்டன்ட் அல்லது சோர்சரி என்ற மந்திரக் கார்டாக இருந்து அதைக் காட்டினால், 1/1ஆக (அடிக்கும் பலம், தாங்கும் பலம்) நின்றவன் 3/2ஆகிப் பறப்பான் என்று விளக்கினேன். "சீ" என்றாள். அப்புறம், "இன்னொரு தடவை மாத்திக் காட்டு" என்றாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் இதே வேலை.

சரி, புதிதாக ஏதாவது வாங்கித் தரலாமே என்று சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கேதான் தலை சுற்றியது. அலமாரியில் ஃபைனல் ஃபேன்டஸி, பக்கத்தில் ஸ்பைடர்மேன், அதற்கடுத்து அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர். எல்லாம் மேஜிக் பாக்கெட். ஓரத்தில் லார்வின் எக்லிப்ஸ்டு மட்டும் என் காலத்துப் பெயராகத் தெரிந்தது. டிராஃப்ட் பூஸ்டர், அதாவது பிரித்துக் கார்டு கார்டாக எடுத்து டெக் கட்டும் டிராஃப்ட் ஆட்டத்துக்கான பாக்கெட், கேட்டேன். அது இப்போது இல்லை, பிளே பூஸ்டர்தான், 2024லிருந்து அப்படித்தான், 14 கார்டு என்றார் கல்லாவில் இருந்த பையன். எந்த ஃபார்மட், அதாவது எந்தெந்தக் கார்டு செல்லும் என்ற எந்த விதிமுறையில், ஆடுவீர்கள் என்று கேட்டார். அண்மைய செட்டுகளை மட்டும் வைத்து ஆடும் ஸ்டாண்டர்டு என்றேன். "எப்போ ஆடினீங்க?" என்றார். 2013 என்றதும் ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பின்மேசையில் இரண்டு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனிடம் முதுகளவு வாளோடு ஃபைனல் ஃபேன்டஸியின் கிளவுட். எதிரே அவதாரின் ஆங். தெருக்கூத்தில் துரியோதனன் எதிரே ஸ்பைடர்மேன் வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு. மகளோ ஆங்கைப் பார்த்துவிட்டு அந்த மேசையை விட்டு நகரவே இல்லை.

இப்போது கேள்வி. 2026ல் மட்டும் ஸ்டாண்டர்டுக்கு ஏழு செட் வருகிறதாம். மாதம் 50 வெள்ளிக்கு மேல் இதில் போட முடியாது, போட்டால் வீட்டில் பேச்சு வரும். நானும் மகளும் சேர்ந்து ஆட எந்த ஃபார்மட் சரி? டின்னில் இருப்பதில் எதற்காவது உபயோகம் உண்டா? முக்கியமானவை: ஸ்டீம் வென்ட்ஸ் 4, ஹாலோடு ஃபவுண்டன் 3, வாட்டரி கிரேவ் 2, ஸ்னாப்காஸ்டர் மேஜ் 3, டெல்வர் 4, போண்டர் 4, மானா லீக் 4, பர்னிங் ட்ரீ எமிஸரி 4, நிவ் மிஸெட் ஒன்று. மற்றதெல்லாம் குப்பை என்றுதான் நினைக்கிறேன். சில கார்டுகளின் ஓரத்தை ராமபாணப் பூச்சி ருசி பார்த்திருக்கிறது.

எட்டுத்தீவு (சிங்கப்பூர்)

அண்ணே, வாங்க. அந்த நாற்காலிக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

முதலில் டின். உங்கள் ஸ்டீம் வென்ட்ஸும் ஹாலோடு ஃபவுண்டனும் 2012ல் வந்த ரிட்டர்ன் டு ராவ்னிகா பதிப்பாக இருக்கும். அந்த செட்டில் வந்த ஐந்து ஷாக் லேண்டையும் (மந்திரம் போடும் சக்தியான மானாவை இரண்டு நிறத்தில் தரும் நிலக் கார்டுகள்) இந்த ஜனவரி லார்வின் எக்லிப்ஸ்டில் மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். மற்ற ஐந்தும், உங்கள் வாட்டரி கிரேவ் உட்பட, போன ஆகஸ்டில் எட்ஜ் ஆஃப் எடர்னிட்டீஸில் வந்துவிட்டன. ஒரு கார்டு இப்போதைய ஸ்டாண்டர்டு செட்டில் இருந்தால் அதே பெயருள்ள பழைய பதிப்பையும் ஆடலாம், படம் மாறியிருந்தாலும் பரவாயில்லை. அதாவது கட்டிலுக்கு அடியில் கிடந்த உங்கள் ஸ்டீம் வென்ட்ஸ் இன்றைக்கு ஸ்டாண்டர்டில் செல்லும். பூச்சி தின்றதை மட்டும் ஒளி ஊடுருவாத ஸ்லீவில் (கார்டு உறையில்) போடுங்கள். ஓரத்தை வைத்து எந்தக் கார்டு என்று தெரிந்தால் அதைக் குறி வைத்த கார்டு என்பார்கள், போட்டியில் வம்பு.

ஆனால் ஒன்பது லேண்டு கையில் இருக்கிறது என்பதற்காக ஸ்டாண்டர்டுக்குள் போகாதீர்கள். கணக்கைப் பாருங்கள். நீங்கள் விட்டுப்போனபோது ஸ்டாண்டர்டில் மொத்தமே ஐந்து செட்: ராவ்னிகாவில் மூன்று, மேஜிக் 2014, தீரோஸ். அப்போது ரொட்டேஷன், அதாவது பழைய செட் வெளியேறுவது, இரண்டு வருடத்துக்குள். 2023ல் அதை மூன்று வருடமாக நீட்டினார்கள். சரி, கார்டு நீண்ட நாள் செல்லும், நல்லதுதானே என்று நாங்களும் கைதட்டினோம். பின்னாலேயே 2025ல் ஆறு செட், இந்த வருடம் ஏழு. ஏழில் நான்கு வெளி உலகத்துக் கதைகள்: நிஞ்சா ஆமைகள், மார்வெல், ஹாபிட், ஸ்டார் ட்ரெக். இப்போது ஸ்டாண்டர்டில் ஏறக்குறைய பதினைந்து செட் நிற்கிறது. அதில் ஃபவுண்டேஷன்ஸ் ஒன்றுதான் நிம்மதி. 2024 நவம்பரில் வந்தது, குறைந்தது 2029 வரை இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஃபைனல் ஃபேன்டஸியில் விவி ஆர்னிடியர் என்று ஒரு குட்டி மந்திரவாதி. மூன்று மானா, 0/3. பார்த்தால் பாவமாக இருப்பான். கிரியேச்சர் (உயிரினக் கார்டு) அல்லாத எந்த மந்திரத்தைப் போட்டாலும் அவன் மேல் ஒரு கவுன்டர் (பலம் கூட்டும் குறி) ஏறும், எதிராளிக்கு ஒரு அடி விழும். அப்புறம் அவன் பலம் எவ்வளவோ அவ்வளவு மானாவை, உங்கள் முறையில் ஒரு தடவை, சும்மா கொடுப்பான். அகதாஸ் சோல் கால்ட்ரன் என்ற அண்டாவுக்குள் அவனைப் போட்டுவிட்டால் கவுன்டர் உள்ள உங்கள் கிரியேச்சர்கள் எல்லாமே அவனைப் போல மானா சுரக்கும். ஜூன் மாதம் வந்தான். ஜூலை, ஆகஸ்டு முழுக்க "விலை இறங்கட்டும்" என்று காத்திருந்தேன். இறங்கவில்லை, ஏறியது. செப்டம்பரில் பொறுமை இழந்து நான்கும் வாங்கினேன். நவம்பர் 10 அன்று ஸ்டாண்டர்டில் தடை. அந்த நான்கு விவியும் இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறார்கள். மனைவி வந்து தினமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறாள். தப்பு என்னுடையதுதான். ஊரே அடித்துக்கொண்டு ஆடும் கார்டு தடைக்கு வரிசையில் நிற்கிறது என்று தெரியாத வயதா எனக்கு?

உங்களுக்கு நான் சொல்வது பாப்பர். 60 கார்டு டெக், ஆனால் எல்லாமே காமன், அதாவது பாக்கெட்டில் அதிகமாகக் கிடைக்கும் சாதாரணக் கார்டாக இருக்கவேண்டும். 2019லிருந்து அதிகாரபூர்வ ஃபார்மட், தடைப்பட்டியலைப் பார்த்துக்கொள்ள 2022லிருந்து தனிக்குழுவே இருக்கிறது. ரொட்டேஷன் கிடையாது. உங்கள் டெல்வர் அங்கே இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். போண்டரும் மானா லீக்கும் மேஜிக் 2012 பதிப்பென்றால் காமன்தான். குப்பை என்று தள்ளினீர்களே, அந்தக் குவியலை இங்கே ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மேஜிக் 2011 காலத்து ப்ரியார்டெய்ன், லைட்னிங் போல்ட் எல்லாம் அதில்தான் கிடக்கும்.

இன்னொன்று. பர்னிங் ட்ரீ எமிஸரியைப் பார்த்தால் வெள்ளிநிறக் குறி இருக்கும், காமனைவிட அரிதான அன்காமன். பாப்பருக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2017ல் மாடர்ன் மாஸ்டர்ஸில் அதைக் காமனாக அச்சடித்தார்கள். ஒரு தடவை காமனாக வந்துவிட்டால் போதும், உங்களிடம் உள்ள வெள்ளிக்குறிப் பதிப்பும் செல்லும். ஆக, அப்பாவுக்கு நீல டெல்வர், மகளுக்குச் சிவப்பு பச்சை எமிஸரி. கையில் உள்ளது போக, டெக்குக்கு 30 வெள்ளிக்குள் முடிக்கலாம். ஸ்னாப்காஸ்டரை விற்று அந்தப் பணத்தைத் தேற்றலாம் என்று நினைக்காதீர்கள். பலமுறை மறுபதிப்பு ஆகி அதன் மவுசு போய்விட்டது. வைத்துக்கொண்டு ரசியுங்கள்.

மகளுக்கு இதற்கும் முன்னால் ஒரு படி வேண்டுமென்றால் ஃபவுண்டேஷன்ஸ் பிகினர் பாக்ஸ். உள்ளே 20 கார்டு பாக்கெட்டுகள் பத்து. ஏதாவது இரண்டைப் பிரித்துச் சேர்த்துக் கலைத்தால் 40 கார்டு டெக் தயார். முதல் ஆட்டம் பூனைக்கும் வாம்பயருக்கும். எந்தக் கார்டை எப்போது போடுவது என்று படிப்படியாகக் கைப்பிடித்துச் சொல்லும் சிறுபுத்தகமும் உண்டு. என் அக்கா மகன் அதில்தான் பழகினான். மூன்றாவது ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டான்.

கொத்துறொட்டி காமாண்டர் (ஸ்காபரோ)

எட்டுத்தீவு சொல்வது எல்லாம் சரி, ஆனால் ஒருவரும் கொமாண்டர் பற்றிக் கதைக்கவில்லையே. அண்ணை, உங்கள் டின்னில் நிவ் மிஸெட் இருக்கிறது என்று எழுதினீர்கள். ஆறு மானாவுக்கு வரும் ட்ராகோஜீனியஸ் என்றால் அவரே உங்கள் கொமாண்டர். வேறென்ன வேணும்?

விளங்காத ஆட்களுக்கு: 100 கார்டு, அடிப்படை லேண்டைத் தவிர எதுவும் இரண்டாவது பிரதி இல்லை, 40 உயிர், ஒரு லெஜண்டரி கிரியேச்சர் தலைவராக வெளியில் நிற்கும். அது செத்தாலும் இரண்டு மானா கூடக் கட்டித் திரும்பக் கூப்பிடலாம். அலாஸ்காவில் ஒரு கூட்டம் எல்டர் ட்ராகன்களை வைத்து விளையாடத் தொடங்கிய வீட்டு விளையாட்டுத்தான் இது, 2011ல்தான் கொம்பனியே இதற்கென்று டெக் போட்டது. இப்போது இங்கே ஞாயிறு பின்னேரம் எந்தக் கடைக்குப் போனாலும் பத்து மேசையில் எட்டு மேசை கொமாண்டர். என்னோடு இருக்கிற மூன்று பேரில் ஒருவர் ஐம்பது வயது தாண்டினவர். அவர் சண்டைக்கே வரமாட்டார். மூன்று பேரும் அடிபட்டு முடியும்வரை மரம் நட்டுக்கொண்டு இருப்பார். கடைசியில் வெல்வதும் அவர்தான்.

விவிக்கு நீங்கள் அழுதீர்கள். 2024 செப்டம்பர் 23 எனக்குப் பாடமான திகதி. மானா க்ரிப்ட், ஜூவல்ட் லோட்டஸ், டொக்சைட், நாடு என்ற கார்டுகள், நாலுக்கும் கொமாண்டரில் ஒரே நாளில் தடை. நான் க்ரிப்ட் வாங்கி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அதை வாங்கின காசுக்கு எங்கள் வீட்டுக் குளிர்கால சில்லு மாற்றியிருக்கலாம். அதற்குப் பிறகு சனம் கொதித்து, நடத்தின குழுவுக்கே மிரட்டல் போய், ஒரு கிழமைக்குள் பொறுப்பு மேஜிக்கை வெளியிடும் விசர்ட்ஸ் கொம்பனி கைக்கு மாறினது. கார்டுக்காக மனுசரை மிரட்டுவதா? க்ரிப்டுக்குக் கவலைப்பட்ட எனக்கே அது வெட்கமாய் இருந்தது.

நல்லது என்னவென்றால், அதற்குப் பிறகு 2025 பெப்ரவரியில் பிராக்கெட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். டெக்கின் பலத்துக்கு ஏற்ப ஒன்று முதல் ஐந்து வரை. விளையாட இருக்கும் முன்னமே "என்னுடையது இரண்டு, உங்களுடையது?" என்று கேட்டுவிடலாம். பெலமான கார்டுகள் கொஞ்சத்தைத் தனிப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். ஒன்றிலும் இரண்டிலும் அவை ஒன்றுகூட ஆகாது, மூன்றில் மூன்று மட்டும். பிள்ளையோடு என்றால் இரண்டில் நில்லுங்கள். கடையில் விற்கிற ஆயத்த டெக் பெரும்பாலும் அந்த மட்டத்தில்தான் இருக்கும்.

எட்டுத்தீவு

அண்ணே, கொமாண்டர் நல்ல ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளை. நான்கு பேர், ஆளுக்கு 40 உயிர், மேசையில் ஐம்பது கார்டு, ஒவ்வொன்றிலும் எட்டு வரி. என் அக்கா மகனை ஒரு நாள் உட்கார வைத்தோம். இரண்டாவது மணி நேரத்தில் அவன் முறை வந்தபோது ஆளைக் காணோம். சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கிரியேச்சர்களை நாங்கள் மாற்றி மாற்றி நடத்தினோம். அவன்தான் ஜெயித்தான் என்பது வேறு விஷயம்.

வடபழனி விஸார்ட் (சென்னை)

நான் இரண்டு வரிதான் எழுத வந்தேன், நீண்டுவிட்டால் மன்னிக்கவும்.

வெளி உலகக் கதை வந்ததில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல், தெரிகிறது. என்னை இந்த ஆட்டத்துக்குள் இழுத்ததே அதுதான். 2023ல் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் செட் வந்தபோது, ஒரே ஒரு பிரதி அச்சடித்த மோதிரக் கார்டு என்று செய்தி பார்த்தேன். இருபது லட்சம் டாலருக்கு போஸ்ட் மலோன் வாங்கினார் என்று எழுதினார்கள். ஒரு சீட்டுக்கு இவ்வளவா என்று பார்க்கப் போனவன்தான், இன்னும் திரும்பவில்லை. துரியோதனன் எதிரே ஸ்பைடர்மேன் என்று பழையடின் சொன்னார். எங்கள் தெருவில் கொலு வைத்தால் தசாவதாரத்துக்குக் கீழ்ப்படியில் கிரிக்கெட் மைதானமும் ரயிலும் இருக்கும். யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை.

இங்கே நிலைமை வேறு. எனக்குத் தெரிந்து பக்கத்தில் வாராவாரம் கூடுகிற மேசை இல்லை. வெளியிலிருந்து வரவழைத்தால் கார்டு விலையோடு அனுப்பும் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்து பயமுறுத்தும். அதனால் நான் போனில், மேஜிக்கின் டிஜிட்டல் வடிவமான அரீனாதான் ஆடுகிறேன். அதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஸ்பைடர்மேன் செட் அரீனாவில் ஸ்பைடர்மேனாக வரவே இல்லை. அதே கார்டுகள், அதே விலை, அதே வேலை, ஆனால் பெயரும் படமும் வேறு. த்ரூ தி ஓமன்பாத்ஸ் என்று வைத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து மாமா பையன் வந்தபோது அவன் கையில் இருந்ததும் என் போனில் இருந்ததும் ஒரே கார்டு என்று கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. எழுத்தை வரி வரியாக ஒத்துப் பார்த்தோம், பத்திரப் பதிவு மாதிரி. உங்களுக்கு வெளியாள் பிடிக்காவிட்டால் அரீனாவுக்கு வந்து ஸ்பைடர்மேன் இல்லாத ஸ்பைடர்மேன் செட்டை ஆடுங்கள்.

வீட்டில் ஆடுவதற்கு ப்ராக்ஸி (நகல் கார்டு) போதும் என்பது என் கட்சி. ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளுக்கு ஒன்பது கார்டு அச்சடித்து, வெட்டி, பழைய லேண்டு கார்டுக்கு முன்னால் வைத்து ஸ்லீவில் செருகிவிடுவேன். கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர். கத்தரிக்கோல் வேண்டாம், ஸ்கேல் வைத்து பிளேடால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் மூலை ஸ்லீவில் மாட்டிக் கிழியும். கடைப் போட்டிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள், அங்கே அசல்தான் செல்லும்.

எட்டுத்தீவு

விஸார்ட் சொன்னதில் கொலு கணக்கை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வருத்தம் ஸ்பைடர்மேன் மேல் இல்லை. வேகத்தின் மேல்தான். ஒரு செட்டின் காமன் கார்டுகளை மனப்பாடம் செய்ய ஆறு வாரமாவது ஆடவேண்டும். "இவன் இரண்டு நீல மானாவைத் திறந்து வைத்திருக்கிறான், அப்படியானால் இன்னது கையில் இருக்கும்" என்று எதிராளியைப் படிப்பது அப்போதுதான் வரும். அது வருவதற்குள் அடுத்த செட்டின் படங்கள் வெளியாகத் தொடங்கிவிடுகின்றன. போன வருடம் டார்கிர்: ட்ராகன்ஸ்டார்ம் எனக்கு அவ்வளவு பிடித்தது. ஏப்ரலில் வந்தது. ஜூனில் ஊரே ஃபைனல் ஃபேன்டஸிக்கு ஓடிவிட்டது. என்னிடம் பிரிக்காத பாக்கெட் ஆறு இருக்கிறது, டிராஃப்ட் ஆட ஆள் இல்லை.

அட, டிராஃப்ட் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. பழையடின் அண்ணே, உங்களுக்குச் சொல்லவேண்டிய முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். அந்த ஸ்பைடர்மேன் செட் கூடவே பிக்-டூ டிராஃப்ட் என்று ஒன்று வந்தது. நம் காலத்தில் டிராஃப்டுக்கு எட்டுப் பேர் வேண்டும், எட்டுப் பேரைச் சேர்ப்பதற்குள் பாதி ராத்திரி. இதில் நான்கு பேர் போதும். ஆளுக்கு மூன்று பாக்கெட். பிரித்து, ஒன்றுக்குப் பதில் இரண்டு கார்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளவேண்டும். 14 கார்டு ஏழு சுற்றில் காலி. கடைசியில் ஆளுக்கு 42 கார்டு. அதிலிருந்து 23ஐப் பொறுக்கி, 17 லேண்டு போட்டால் டெக். எந்த செட் பாக்கெட்டிலும் இப்படி ஆடலாம், யாரும் போலீசைக் கூப்பிடமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு இது ஏன் நல்லது என்றால், ஒரு கார்டுதான் என்றால் எதை விடுவது என்று முழிப்பார்கள். இரண்டு என்றால் ஒன்று பலமான கார்டு, ஒன்று பிடித்த கார்டு. தகராறு இல்லை. நான் என்னவோ இப்போதும் இரண்டையும் பலமானதாகத்தான் எடுக்கிறேன், பிடித்ததை எடுத்து நாளாயிற்று.

கொத்துறொட்டி காமாண்டர்

அந்தக் கடைசி வரி நல்லாயிருக்கு. விவியை எடுத்தது பலத்துக்கா பிடித்தா?

எட்டுத்தீவு

அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

பழையடின்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

குப்பைக் குவியலைக் கிளறியதில் லைட்னிங் போல்ட் மூன்று, ப்ரியார்டெய்ன் ஆறு, லானோவார் எல்வ்ஸ் ஐந்து கிடைத்தன. லானோவார் ஃபவுண்டேஷன்ஸிலும் இருக்கிறதாம், கடைப் பையன் சொன்னார். ஃபாயில் கார்டுகள் எல்லாம் அப்பளம் பொரித்த மாதிரி வளைந்து கிடந்தன. நம் ஊர் ஈரத்துக்கு அப்படித்தான் ஆகும் என்று அவர் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒரு கை அள்ளிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஸ்லீவ் 100, விடுபட்ட காமன் கார்டுகள், எல்லாம் சேர்த்து 41 வெள்ளி. பிகினர் பாக்ஸ் அடுத்த மாதக் கணக்கில்.

டெல்வர் டெக்கை எனக்கு என்று கட்டினேன். மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். முதுகில்லாத கார்டு அவள்தான் கண்டுபிடித்தாளாம், ஆகவே அவளுடையதாம். எமிஸரியோடு எதிரே உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் மேல்கார்டைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். போல்ட் வந்தால் மேசையைத் தட்டுகிறாள். லேண்டு வந்தால் அவள் முகத்திலேயே தெரிந்துவிடுகிறது, கார்டைக் காட்டவே வேண்டாம். இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை சொல்லவில்லை.

நேற்று முதல் முறையாக மானா லீக் போட்டாள். என் எமிஸரி வந்ததும் இரண்டு மானா கொடுத்தது, அதைக் கொண்டு அடுத்ததைப் போட்டேன், கையில் வேறு லேண்டு இல்லை. "மூணு மானா கட்டு" என்றாள். கட்ட என்ன இருக்கிறது? "இல்லேன்னா அதைக் குப்பைல போடு." சொல்லிவிட்டு உள்ளே போய் அவள் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, குப்பையில் கிடந்த என் கார்டைக் காட்டினாள். பன்னிரண்டு வருடமாக இந்தச் சீட்டுகளைத் திட்டிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அவருக்கு ஏன் மூணு கட்ட முடியல?" என்று கேட்டாள். மகள் விளக்கினாள். நான் விளக்கியிருந்தால் கேட்டிருக்கமாட்டாள்.

நிவ் மிஸெட்டுக்கு 100 கார்டு சேர்க்கும் வேலையை மெல்லத் தொடங்கியிருக்கிறேன், ஸ்காபரோக்காரர் திருப்திக்கு. அது முடிய தீபாவளி ஆகலாம்.

எட்டுத்தீவு, உங்களிடம் பிரிக்காத டார்கிர் பாக்கெட் ஆறு இருக்கிறது என்றீர்களே. நான் ஆறு வாங்கிவிடுகிறேன். நான், மகள், நீங்கள், மூன்று பேர் ஆயிற்று. ஞாயிறு மூன்று மணி, தெம்பனிஸில் எங்கள் புளோக்குக்குக் கீழே கல்மேசை இருக்கிறது, நிழலும் உண்டு. மனைவியைக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்று அர்த்தம், ஆனால் இந்த முறை எத்தனை மணிக்கு என்றும் கேட்டாள். அதனால் ஒரு நாள் பொறுத்துச் சொல்கிறேன். அவள் வராவிட்டால் உங்கள் அக்கா மகனைக் கூட்டிவாருங்கள், தூங்கமாட்டான் என்றால்.